முந்நூறு போர்டும் ஒரே மாதிரி

தாம்பரம் பக்கம் முடிச்சூரில் என் வீட்டு மாடி அறையில் ஒரு நீண்ட மேசை இருக்கிறது. காலையில் மேலே போனதும் முதலில் ஸ்கோப்பை ஆன் செய்வேன். அது சூடேறி ஒரு நிலைக்கு வர 20, 30 நிமிடம் ஆகும். அதற்குள் மொட்டை மாடிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து, புரோபை எடுத்து, ஸ்கோப்பின் முகப்பில் துருத்திக்கொண்டிருக்கும் சின்ன உலோகக் காதில் மாட்டுவேன். அந்தக் காதில் நொடிக்கு 1000 தடவை ஏறி இறங்கும் சதுர அலை ஒன்று ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். திரையில் அந்தச் சதுரம் சதுரமாகத் தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரிந்தால் வேலை தொடங்கும். தெரியாவிட்டால், தெரியும்வரை வேறு எதையும் தொடமாட்டேன்.

போன மாதம் அடுத்த தெருப் பையன் ஒருவன் நான்கு சர்க்யூட் போர்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்தான். இன்ஜினீயரிங் கடைசி வருடம், எலக்ட்ரானிக்ஸ். நான் புரோபைக் காதில் மாட்டியதைப் பார்த்துவிட்டு, "எதுக்கு தாத்தா இது? ஆட்டோ செட் பட்டன அமுக்கினா எல்லாம் தானா வந்துடுமே" என்றான். அந்தப் பட்டன் படத்தைத் திரைக்குள் அடங்கச் செய்யும். படம் உண்மையா என்று அதற்குத் தெரியாது. அவனுக்கு அன்று சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பாடப்புத்தகத்தில் இந்தக் கருவிக்கு அலைவுகாட்டி என்று பெயர். கல்லூரி லேபில் சி.ஆர்.ஓ. எங்களைப் போன்ற பெஞ்ச் ஆட்களுக்கு வெறும் ஸ்கோப். ஜெர்மனியில் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரௌன் 1897இல் எதிர்முனைக் கதிர்க்குழாயைச் செய்து காட்டிய நாளிலிருந்து மின்சாரத்தின் ஓட்டத்தைக் கண்ணால் பார்க்க முடிகிறது. மல்டிமீட்டர் ஓர் எண்ணைத்தான் சொல்லும். ஸ்கோப் அந்த எண் நொடிக்கு நொடி எப்படி ஏறியது, எங்கே தடுமாறியது என்பதையெல்லாம் கோடாக வரைந்து காட்டும். அதனால்தான் அதன்மேல் நமக்கு அவ்வளவு நம்பிக்கை. கண்ணால் கண்டதை யார் சந்தேகப்படுவார்கள்?

ஆனால் ஸ்கோப் நேராகப் பார்ப்பதில்லை. ஒரு மீட்டர் நீளக் கேபிள் வழியாக, புரோப் என்னும் கைவிரலால் தொட்டுத்தான் பார்க்கிறது. நம் கல்லூரி லேப்களில் பெரும்பாலும் புரோப்கூட இருக்காது. ஒரு முனையில் பி.என்.சி. கனெக்டர், மறுமுனையில் சிவப்பு, கறுப்பு முதலை கிளிப்புகள் கொண்ட வெறும் கேபிள்தான். அந்தக் கேபிளுக்கு மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் கெபாசிட்டன்ஸ் உண்டு. சர்க்யூட்டில் அதை மாட்டுவது, நீந்திக்கொண்டிருப்பவன் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு அவன் எவ்வளவு வேகமாக நீந்துகிறான் என்று கணக்கெடுப்பது போல. பையன்கள் நான்கு வருடமும் அப்படித்தான் அளந்துவிட்டு வெளியே வருகிறார்கள். அவர்கள்மேல் தவறில்லை.

புரோப் மெதுவாகத் தொடும். அதன் தலைக்குள் 9 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கிறது. ஸ்கோப்பின் வாசலில் 1 மெகா ஓம். இரண்டும் சேர்ந்து 10 என்பதால் வரும் வோல்டேஜில் பத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகும். மேலே 10எக்ஸ் என்று போட்டிருப்பது அதைத்தான். சிக்னலைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துக்கொள்வது நஷ்டம் போலத் தெரியும். ஆனால் தொடப்படும் சர்க்யூட்டின் மேல் சுமை 10 பிக்கோஃபாரட் அளவுக்கு இறங்கிவிடுகிறது. குறைவாக எடுத்துக்கொள்கிறவனுக்குத்தான் நிஜம் தெரியவரும்.

இனிதான் விஷயம். ரெசிஸ்டர் மட்டும் இருந்தால் மெதுவாக மாறும் வோல்டேஜ் சரியாக வரும், வேகமாக மாறுவது வராது. கேபிளின் கெபாசிட்டன்ஸும் ஸ்கோப் வாசலின் கெபாசிட்டன்ஸும் வேகமானதை விழுங்கிவிடும். அதனால் 9 மெகா ஓமுக்குப் பக்கத்திலேயே ஒரு குட்டிக் கெபாசிட்டரை வைப்பார்கள். தாம்பரம் ஸ்டேஷனுக்கு இரண்டு வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிதானமாக நடந்து வருகிறவர்களுக்கு ஒன்று, ரயிலைப் பிடிக்க ஓடி வருகிறவர்களுக்கு ஒன்று. நடக்கிற வாசலில் பத்துப் பேருக்கு ஒருவரை உள்ளே விட்டால், ஓடுகிற வாசலிலும் பத்துக்கு ஒருவரைத்தான் விட வேண்டும். ஓடுகிறவர்களில் கொஞ்சம் கூடுதலாக விட்டாலும் போச்சு, குறைவாக விட்டாலும் போச்சு. உள்ளே இருக்கிற கூட்டத்தை எண்ணி வெளியே இருக்கிற கூட்டத்தைக் கணக்கிட முடியாது.

கணக்கு எளிதுதான். ஸ்கோப்பின் வாசல் 30 பிக்கோஃபாரட், கேபிள் 70 என்றால் மொத்தம் 100. குட்டிக் கெபாசிட்டர் அதில் ஒன்பதில் ஒரு பங்கு, அதாவது 11 சொச்சம் இருக்க வேண்டும். அதை நிலையாக வைக்க முடியாது. ஒவ்வொரு ஸ்கோப்பின் வாசலும் வேறு. ஒன்றில் 15, இன்னொன்றில் 20, பழசில் 30. ஆகவே புரோபின் தலையிலோ ஸ்கோப்பில் மாட்டும் பெட்டியிலோ ட்ரிம்மர் என்னும், திருப்பினால் அளவு மாறும் கெபாசிட்டரை வைத்து, பொடிசாக ஒரு ஸ்க்ரூ தலையை வெளியே காட்டியிருப்பார்கள். அதைத் திருப்பிச் சதுரத்தைச் சதுரமாக்க வேண்டும். குறைவாகத் திருப்பினால் சதுரத்தின் தோள் வழுக்கி உருண்டிருக்கும். அதிகமாகத் திருப்பினால் தோளில் கொம்பு முளைக்கும்.

இந்தக் கொம்பால்தான் நான் ஒரு மனிதரைக் குத்தினேன்.

தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதி வளாகம் வந்த காலம், எண்பதுகளின் நடுப்பகுதி. ஜி.எஸ்.டி. ரோடு நெடுக எலக்ட்ரானிக்ஸ் என்ற சொல் காற்றில் இருந்தது. கிண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் உள்ளே வரும் சரக்கைச் சோதிக்கும் பொறுப்பில் இருந்தேன். வயது 30. தினமும் தாம்பரத்திலிருந்து மீட்டர் கேஜ் மின்சார ரயிலில் போய் வருவேன், 1931இல் ஓடத் தொடங்கிய அதே பாதையில். எங்கள் மெஷின்களுக்குள் போகும் துடிப்பு தரும் போர்டுகளைப் பல்லாவரத்தில் ஒருவர் செய்து தந்தார். ஐம்பது வயதுக்காரர். வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஒரு கொட்டகை, இரண்டு பெண்கள் சாலிடர் வைப்பார்கள், ரிச்சி ஸ்ட்ரீட்டில் இரண்டாம் கையாக வாங்கிய ஒரு பழைய சி.ஆர்.ஓ. அவ்வளவுதான் அவருடைய கம்பெனி.

அந்த வருடம் எங்களுக்கு ஒரு புது ஸ்கோப் வந்தது. பழையதின் வாசல் 30 பிக்கோஃபாரட், புதியதின் வாசல் 20. இதை அன்று நான் கவனிக்கவில்லை. இரண்டின் முகப்பிலும் உள்ளே நுழைகிற இடத்துக்குப் பக்கத்திலேயே எழுதியிருந்தது. பழைய ஸ்கோப்பின் புரோப் கைக்கு வாகாக இருந்ததால் அதையே கழற்றிப் புதியதில் மாட்டிக்கொண்டேன். 100க்குப் பொருத்தியிருந்த ட்ரிம்மர் இப்போது 90க்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. கணக்குப் போட்டால் வேகமான பகுதி சுமார் 10 சதவீதம் உயர்ந்து தெரியும். எங்கள் விதிப்படி துடிப்பின் தலை 5 சதவீதத்துக்கு மேல் துள்ளக் கூடாது.

300 போர்டு வந்திருந்தது. முதல் போர்டை மாட்டினேன், கொம்பு. இரண்டாவது, கொம்பு. மல்டிமீட்டரை வைத்து நிலையான வோல்டேஜைப் பார்த்தேன். ஸ்கோப் சொன்னதும் மீட்டர் சொன்னதும் அச்சாக ஒத்துப்போனது. அதில்தான் நான் விழுந்தேன். ரெசிஸ்டர் வழியாக வரும் மெதுவான உண்மை சரியாகவே வரும். கெபாசிட்டர் வழியாக வரும் வேகமான பகுதியில் மட்டும்தான் பொய். இரண்டும் ஒரே கம்பியில், ஒரே திரையில். பாதி சரியாக இருக்கிற சாட்சியைப் போல நம்ப வைக்கிறது வேறு எதுவும் இல்லை. மாலைக்குள் 300 போர்டையும் சோதித்தேன். அத்தனையும் ரிஜெக்ட்.

மறுநாள் அவர் வந்தார். "என் பெஞ்ச்சுல சரியாத்தான் சார் இருந்துச்சு" என்றார். திரையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மிகவும் தயங்கி, "கோவிச்சுக்காதீங்க சார், உங்க புரோப ஒரு தடவ பாத்துடுங்களேன்" என்றார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. ரிச்சி ஸ்ட்ரீட் சி.ஆர்.ஓ. வைத்திருக்கிறவர் வெளிநாட்டு ஸ்கோப் வைத்திருக்கிறவனிடம் இதைச் சொல்வதா? ஸ்கோப்பின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினேன். "மூணு மாசம் முன்னாடிதான் கேலிப்ரேஷன் ஆகி வந்திருக்கு. தேதிய நீங்களே படிங்க." அவர் படிக்கவில்லை. போர்டுகளை அட்டைப் பெட்டியில் அடுக்கி எடுத்துக்கொண்டு போனார்.

அந்த ஸ்டிக்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்று நம் பக்கத்தில் கருவிகளைத் திருவான்மியூரில் இருக்கும் அரசின் மின்னணுச் சோதனை மையத்துக்கு அனுப்பலாம். அப்படிப்பட்ட ஒவ்வோர் ஆய்வகத்தின் அளவுகோலும் படிப்படியாக மேலே போய் டில்லியில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் அளவுகோலில் போய் முடியும். ஒரு வோல்ட் என்றால் நாடு முழுவதும் ஒரே வோல்ட்டாக இருப்பது இந்தச் சங்கிலியால்தான். அதன்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அந்த ஸ்டிக்கர் ஸ்கோப்புக்கு மட்டும்தான். அதில் இன்று எந்தப் புரோபை மாட்டுகிறேன், அதன் ஸ்க்ரூவைத் திருப்பினேனா என்பதற்கு எந்த ஆய்வகமும் பொறுப்பேற்க முடியாது. வருடத்துக்கு ஒரு முறை அவர்கள் செய்ய வேண்டியது ஒன்று. தினமும் நான் செய்ய வேண்டியது வேறு. இரண்டாவதைச் செய்யாதவன் முதலாவதைக் காட்டிப் பேசினேன்.

இரண்டு வாரத்தில் 300 போர்டும் திரும்பி வந்தன. மாட்டிப் பார்த்தேன். கொம்பு போயிருந்தது. அழகான சதுரம். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, கண்டிப்பாக இருந்ததால்தான் தரம் வந்தது என்று. அத்தனையையும் பாஸ் செய்தேன்.

சித்திரை வந்தது. மெஷின்கள் மதியத்துக்கு மேல் தடுமாறத் தொடங்கின. காலையில் சரியாக ஓடும், வெயில் ஏற ஏற நேரம் பிசகும். யாருக்கும் பிடிபடவில்லை. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்த ஒரு மூத்த இன்ஜினீயர் எங்களிடம் இருந்தார். 1949இல் சி.ராஜம் அந்தக் கல்லூரியைத் தொடங்கியபோதே, வேறு கல்லூரிகள் சிவில், மெக்கானிக்கல் என்று இருந்த நாளில், கருவி நுட்பத்தைத் தனிப் படிப்பாக அங்கே வைத்தார்கள். அந்தப் படிப்பின் ஆள் அவர். ஒரு போர்டை எடுத்துக்கொண்டு என் பெஞ்ச்சுக்கு வந்தார். போர்டை மாட்டவில்லை. புரோபை எடுத்து அந்த உலோகக் காதில் மாட்டினார். திரையில் ஸ்கோப்பின் சொந்தச் சதுரத்துக்கே கொம்பு முளைத்திருந்தது.

அவர் ஒன்றும் பேசாமல் ட்ரிம்மரைத் திருப்பினார். கொம்பு இறங்கி மேல்கோடு தட்டையானது. அதன்பிறகு போர்டை மாட்டினார். நான் பாஸ் செய்த போர்டின் தோள் வழுக்கி உருண்டிருந்தது. போர்டைத் திருப்பிப் பார்த்தோம். வெளியே போகும் கோட்டுக்கும் கிரௌண்டுக்கும் நடுவில் முதல் தடவை இல்லாத ஒரு சின்னக் கெபாசிட்டர் சாலிடர் வைக்கப்பட்டிருந்தது. அந்தக் கெபாசிட்டர் துடிப்பை மெதுவாக்கியது. மெதுவாக ஏறும் துடிப்பு அடுத்த படியைத் தட்டி எழுப்பும் நேரம் சூட்டுக்குச் சூடு மாறும். மதியத் தடுமாற்றம் அதிலிருந்துதான்.

"முதல்ல எத்தன போர்டு தம்பி கொம்பு காட்டிச்சு?" என்று கேட்டார்.

"முந்நூறும் சார்."

"கையால சாலிடர் வச்ச முந்நூறு போர்டு. தப்பா இருந்தா முந்நூறு விதமால்ல தப்பா இருக்கும்? எல்லாம் ஒரே மாதிரி, ஒரே அளவு தப்புன்னா, அங்க பொதுவா இருந்தது என்ன?"

பொதுவாக இருந்தது புரோபும் நானும்.

அந்தக் கேள்வியை 40 வருடமாகச் சுமக்கிறேன். வீட்டில், தெருவில், உறவில், யாரைப் பார்த்தாலும் எனக்கு ஒரே குறை தெரிந்தால் நின்றுவிடுவேன். மருமகளிடம் அலட்சியம், பேரனிடம் அலட்சியம், பால்காரரிடம் அலட்சியம், வங்கியில் அலட்சியம் என்று ஒரே நாளில் நான்கு இடத்தில் எனக்குப் பட்டால், அந்த நான்கு இடத்துக்கும் பொதுவாகப் போய் வந்தவன் யார் என்று பார்ப்பேன். பெரும்பாலும் முந்தின இரவு நான் சரியாகத் தூங்கியிருக்கமாட்டேன்.

கம்பெனி அந்த 300 போர்டின் செலவைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டது. ஆனால் கெபாசிட்டரை எடுக்க வேண்டுமே. மூன்று ஞாயிற்றுக்கிழமை பல்லாவரத்தில் அந்தக் கொட்டகைக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. முதல் நாள் வாசலில் நின்று, "தப்பு என்மேலதான். நீங்க சொன்னது சரி" என்று சொன்னேன். சொல்வதற்குள் நாக்கு உலர்ந்துவிட்டது. அவர், "உக்காருங்க சார், இரும்பு சூடாயிடுச்சு" என்றார். ஆளுக்கொரு சாலிடரிங் அயர்ன், ஆளுக்கொரு உறிஞ்சும் பம்ப். ஈயத்தை உருக்கி, உறிஞ்சி, கெபாசிட்டரை எடுத்து ஒரு டப்பாவில் போடுவோம். ஷீட்டின் வெக்கையில் முதுகு எரியும். அவர் மனைவி சொம்பில் மோர் கொண்டு வந்து வைப்பார்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, கையை நிறுத்தாமலே சொன்னார். "இத வைக்கும்போதே தெரியும் சார், போர்ட கெடுக்கறோம்னு. ஆனா உங்க திரையில சரியாத் தெரிஞ்சாதானே பணம் வரும்."

நான் அயர்னைக் கீழே வைத்துவிட்டேன். அதுவரை என் தவறு ஒரு நல்ல போர்டைக் கெட்டது என்று சொன்னதுதான் என்று நினைத்திருந்தேன். அது சின்னத் தவறு, திருத்திவிடலாம். பெரியது இதுதான். அவருக்குச் சரி எது என்று தெரியும். தெரிந்தே, என் வளைந்த கோலுக்கு நேராகத் தெரிய வேண்டும் என்பதற்காக அவர் தன் கை வேலையை வளைத்துக்கொண்டார். இந்த நாட்டில் எத்தனையோ பேர், சரியாக இருந்தவர்கள், மேலே உட்கார்ந்திருக்கிறவனின் திரைக்குத் தகுந்தபடி தங்களை வளைத்துக்கொண்டு பாஸ் வாங்குகிறார்கள். மேலே இருப்பவன் கண்டிப்பால் தரம் வந்தது என்று நினைத்துக்கொள்கிறான்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் கேட்ட கேள்விக்குப் பட்டென்று பதில் சொல்வாள். அவளை அளந்த கோலாலேயே இளையவனையும் அளந்தேன். அவன் நிதானம். கேள்வி கேட்டால் யோசிப்பான், சாப்பிட்டு முடித்தபின் வந்து பதில் சொல்வான். மந்தம் என்று முடிவு கட்டினேன். அவன் பள்ளிக்கூட நாளில் என் முன்னால் யோசிக்காமல் வாய்க்கு வந்ததைச் சொல்லப் பழகிக்கொண்டான், நான் திருப்திப்படுவேன் என்று. பல்லாவரத்துக் கொட்டகை ஞாபகம் வராமல் இருந்திருந்தால் அவனைக் கெடுத்து முடித்திருப்பேன். புரோப் வாங்கினால் பெட்டிக்குள் கலர் கலராகச் சின்ன வளையங்கள் இருக்கும். இந்தப் புரோப் இந்தச் சேனலுக்கு என்று அடையாளம் மாட்டிக்கொள்ளத்தான் அவை. ஒரே ஸ்கோப்பின் இரண்டு சேனலுக்கு நடுவிலேகூட வித்தியாசம் உண்டு. இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் இருக்காதா? மாற்றி மாட்டினால் மறுபடி சதுரம் பார்க்க வேண்டும்.

அப்படிச் சதுரம் பார்க்கையில் ட்ரிம்மரைத் திருப்ப உலோக ஸ்க்ரூ டிரைவர் ஆகாது. கையும் உலோகமும் சேர்ந்து கெபாசிட்டன்ஸைக் கூட்டும். திருப்பும்போது சரியாகத் தெரியும், கையை எடுத்ததும் கலையும். அந்தக் காலத்தில் பிளாஸ்டிக் பின்னல் ஊசியின் முனையைத் தரையில் தேய்த்துத் தட்டையாக்கி வைத்துக்கொள்வோம். ரேடியோ ரிப்பேர்காரர்களின் கைப்பழக்கம் அது. இப்போது புரோப் பெட்டியிலேயே பிளாஸ்டிக்கில் ஒன்று வருகிறது. திருப்பிவிட்டுக் கையை முழுக்க எடுத்துவிட்டுத்தான் திரையைப் பார்க்க வேண்டும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் மூழ்கியது எல்லோருக்கும் தெரியும். அடையாறு தெருவுக்குள்ளே வந்தது. மாடியில் இருந்தவை தப்பின. கீழே பரணில் ஏற்றாமல் விட்ட ஒரு பழைய ஸ்கோப்பும் நான்கு புரோபும் சேற்றில் கிடந்தன. ஒரு புரோபைக் கழுவி, வெயிலில் காயவைத்துப் பார்த்தேன். ஈரம் 9 மெகா ஓமுக்குப் பக்கவாட்டில் ஒரு கள்ளப் பாதை போட்டிருந்தது. நிலையான வோல்டேஜே பிசகியது. அதைத் தூக்கிப் போட மனமில்லாமல் வைத்திருந்து, பையன் வந்த அன்று கத்தியால் கேபிளைப் பிளந்து காட்டினேன். நடுவில் தலைமுடியைவிட மெல்லிய கம்பி, சுருள் சுருளாக. மல்டிமீட்டரை வைத்தால் நூற்றுக்கணக்கில் ஓம் காட்டியது.

"கம்பி கெட்டுப்போச்சா தாத்தா?"

கெடவில்லை. வேண்டுமென்றே அப்படி. நன்றாகக் கடத்தும் செம்புக் கம்பியைப் போட்டால் வேகமான சிக்னல் முனைக்குப் போய் மோதித் திரும்பி வரும், மறுபடி போகும், கிணற்றில் கூப்பிட்ட குரல் போல. 1950களில் அமெரிக்காவின் டெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஜான் காபி, வில்லியம் பாலிட்ஸ் என்ற இருவர் கொஞ்சம் தடுக்கும் கம்பியை நடுவில் போட்டார்கள். எதிரொலியை அந்தத் தடையே விழுங்கிவிடும். இன்றும் நல்ல 10எக்ஸ் புரோப்களில் அந்த யோசனைதான் ஓடுகிறது. அவன் அந்தக் கம்பியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தான்.

அதன்பிறகு தன் போர்டுகளை எடுத்து வைத்தான். ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் சிப், பக்கத்தில் மெமரி சிப். இரண்டுக்கும் நடுவில் ஓடும் கிளாக் கோடு ஒவ்வொரு தடவை ஏறும்போதும் மணி அடித்தது போல அதிர்கிறதாம். கல்லூரி லேபில் இதே மாதிரிப் புரோப் ஒன்றால் பார்த்தானாம். அதிர்வை அடக்க வரிசையில் ஒரு ரெசிஸ்டர் போட்டான், 100 ஓம். அடங்கவில்லை. 220. கடைசியில் 330இல் அடங்கியது. "ஆனா இப்ப மெமரி அப்பப்ப தப்பாப் படிக்குது தாத்தா. ரெண்டு வாரமா இதே வேல."

"நாலு போர்டுமே அதிர்ந்துதா?"

"நாலும். ஒரே மாதிரி."

எனக்கு வயிற்றுக்குள் ஏதோ அசைந்தது.

என் புரோபை எடுத்தேன். அதன் கழுத்திலிருந்து தொங்கும் கறுப்பு கிரௌண்ட் ஒயரைப் பற்றி அவனுக்கு முதலில் ஓர் எச்சரிக்கை சொன்னேன். அந்தக் கிளிப் ஸ்கோப் வழியாக வீட்டு எர்த்தோடு நேரே சேர்ந்தது. கரன்ட் இருக்கும் மெயின் லைனில் அதை மாட்டினால் வெடிக்கும். அதற்குப் பயந்து சிலர் பிளக்கின் மூன்றாவது பின்னைப் பிடுங்கிவிடுவார்கள். அப்புறம் ஸ்கோப்பின் உடம்பு முழுவதும் கரன்ட் ஏறி நிற்கும். நம் பக்கத்துப் பழைய வாடகை வீடுகளில் பெயருக்கு மூன்று ஓட்டை இருக்கும், பின்னால் எர்த் இருக்காது. இதில் விளையாட்டு வேண்டாம் என்றேன்.

பிறகு ஒயரின் நீளத்தை அளக்கச் சொன்னேன். 15 சென்டிமீட்டர். நேராக இருக்கும் ஒயருக்குச் சென்டிமீட்டருக்குச் சுமார் 10 நானோஹென்றி. அப்படியானால் 150. புரோப் முனையில் 10 பிக்கோஃபாரட். இரண்டும் சேர்ந்தால் தாமாகவே ஓர் ஊஞ்சல். எவ்வளவு வேகத்தில் ஆடும் என்று கணக்குப் போடு என்றேன். செல்போனில் போட்டான். சுமார் 130 மெகாஹெர்ட்ஸ். லேபில் பார்த்த அதிர்வு எவ்வளவு என்று கேட்டேன். தன் படத்தைத் திறந்து கட்டங்களை எண்ணினான். எண்ணிவிட்டு என்னைப் பார்த்தான். கிட்டத்தட்ட அதேதான்.

அந்த 15 சென்டிமீட்டர் ஒயரைக் கழற்றி மேசையில் வைத்தேன். புரோபின் கொக்கித் தொப்பியையும் கழற்றினேன். உள்ளே இருக்கும் உலோகக் கழுத்தில், பெட்டியில் யாரும் தொடாமல் கிடக்கும் சின்ன ஸ்பிரிங்கை மாட்டினேன். கிரௌண்ட் இப்போது முனைக்கு ஒரு சென்டிமீட்டர் பக்கத்தில். ஒரு போர்டில் அவன் போட்டிருந்த 330 ஓமை எடுத்துவிட்டு, முதலில் இருந்தபடி ஓர் ஒயர்த் துண்டால் சேர்த்துக்கொண்டோம். போர்டை ஆன் செய்தான். ஊசி முனையைக் கிளாக் கோட்டின் மேலும் ஸ்பிரிங்கைப் பக்கத்து கிரௌண்டின் மேலும் வைத்து அழுத்தினேன். கை நடுக்கம் இருக்கிறது, அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

கோடு ஏறியது, துளியளவு துள்ளியது, தட்டையாக நின்றது.

வெகுநேரம் அவன் பேசவில்லை. கீழே தெருவில் கேஸ் வண்டி போகும் சத்தம் கேட்டது.

"அப்ப மொதல்லயே போர்டு சரியாத்தான் இருந்துச்சா?"

"ஆமாப்பா."

"மிச்ச மூணு போர்டுல வச்ச ரெசிஸ்டரையும் எடுத்துடணுமா தாத்தா?"

டிராயரைத் திறந்து உறிஞ்சும் பம்பை அவன் பக்கம் தள்ளினேன். இரும்பு சூடாகத்தான் இருந்தது. ஆளுக்கொரு போர்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.